ஜேசிபி வருவதற்கு முன்: சேர்வராயன் அடிவாரத்தில் நிலம் வாங்கியவருக்கு ஒரு பதில்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குப்பனூர் வழியாக ஏற்காடு ஏறும் பக்கம், அடிவாரத்தில் நாலரை ஏக்கர் வாங்கியிருக்கிறீர்கள். பத்துப் பன்னிரண்டு காட்டேஜும் ஒரு உணவுக்கூடமும் கட்ட எண்ணம். நிலத்தின் மேட்டுப் பகுதியில் பெரிய கற்கள் வட்டமாகக் கிடக்கின்றன. வேலியோரம் வேப்பமரத்தடியில் மஞ்சள் பூசிய கல் ஒன்றுக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் பொங்கல் வைக்கிறார்கள். "தொல்லியல் துறைக்குத் தெரிந்தால் நிலம் போய்விடும், பேசாமல் ஜேசிபியை விட்டுச் சமன் செய்துவிடு" என்று நாலு பேர் சொல்கிறார்கள். என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அந்தப் பயத்தைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் பெரும்பாலான அழிவு அந்தப் பயத்தால்தான் நடக்கிறது. பானை ஓடு கிடைத்தது, கல்வட்டம் (பழங்காலக் கல்லறையைச் சுற்றி நட்ட கற்கள்) இருக்கிறது என்பதற்காக எந்த நிலமும் தானாக அரசுக்குப் போவதில்லை. 1958ஆம் ஆண்டின் மத்திய சட்டப்படி ஓர் இடத்தைப் பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்க வேண்டுமானால், முதலில் அந்த எண்ணத்தை அரசிதழில் வெளியிட்டு, ஆட்சேபம் சொல்ல இரண்டு மாத அவகாசம் தர வேண்டும். தமிழ்நாட்டுக்கென்று 1966ல் தனிச் சட்டமும் இருக்கிறது. அறிவித்த பிறகும் பட்டா உரிமையாளர் கையிலேயே இருக்கலாம். அரசு கையகப்படுத்தினால் இழப்பீடு தர வேண்டும். சேலம் மாவட்டத்தில் கல்வட்டங்கள் உள்ள தனியார் காடுகள் எத்தனையோ. அவற்றில் சோளமும் மரவள்ளியும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கட்டடத் தடை என்று எல்லோரும் சொல்லும் விஷயம் வேறு. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டடம் கூடாது. அதற்கு அடுத்த 200 மீட்டருக்குள் கட்ட அனுமதி வாங்க வேண்டும். 2010ல் வந்த திருத்தம் இது. சங்ககிரிக் கோட்டைக்குப் பக்கத்தில் மனை வாங்கியவருக்கு இது தலைவலிதான். அளவு கோட்டைச் சுவரிலிருந்து அல்ல, அறிவிக்கப்பட்ட எல்லையிலிருந்து தொடங்கும் என்பதை மனை விற்பவர்கள் சொல்ல மாட்டார்கள். உங்கள் நிலத்துக்கு 300 மீட்டருக்குள் அப்படி ஏதும் இருக்கிறதா என்பதைக் கிராமப் பெயரையும் சர்வே எண்ணையும் கொடுத்து எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையாக "ஒன்றும் இல்லை சார்" என்று சொல்வதை நம்ப வேண்டாம். பின்னால் கடனுக்குப் போகும்போது வங்கி கேட்கும்.

சரி, சட்டம் இவ்வளவுதானா என்றால், உங்களைப் போன்ற நடுத்தரக் கட்டுமானத்துக்குக் கிட்டத்தட்ட இவ்வளவுதான். சாதாரணக் கட்டடம் கட்டுமுன் நிலத்தில் தொல்லியல் ஆய்வு செய்தே ஆக வேண்டும் என்ற பொதுச் சட்டம் நம் நாட்டில் இல்லை. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால் முன் அனுமதி வேண்டும். அதோடு வந்த கட்டடத் திட்டப் படிவத்தில் அருகில் மானுடவியல், தொல்லியல் இடங்களோ பொருள்களோ உள்ளனவா என்று ஒரு கேள்வியும் உண்டு. அழகியல் என்ற தலைப்புக்குக் கீழே அந்தக் கேள்வியை வைத்திருப்பதே அதற்கு என்ன மரியாதை என்பதைக் காட்டிவிடுகிறது. நான் பார்த்த படிவங்களில் அந்தக் கட்டத்தில் "இல்லை" என்றே இருக்கும். நிலத்தில் கால் வைக்காமல், முந்தைய அறிக்கையிலிருந்து நகலெடுத்த "இல்லை". உங்கள் திட்டம் 20,000 சதுர மீட்டரின் பக்கத்தில்கூட வராது. ஆகவே இந்தப் பார்வையை நீங்களாகச் செய்தால்தான் உண்டு.

செய்ய வேண்டுமா என்று கேட்டால், சேலத்து மண்ணில் கட்டாயம் செய்ய வேண்டும் என்பேன். இங்கே முக்கியமானவை பெரும்பாலும் எந்தப் பட்டியலிலும் இல்லை. மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பு ஓரத்தில் உள்ள தெலுங்கனூரையும் மாங்காட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். 1925ல் தொடங்கி 1934ல் முடிந்த அணை அது. நீர் ஏறி இறங்கும்போது அலை அரித்து, பெருங்கற்காலக் கல்லறைகள் வெளியே தெரிந்தன. அங்கே கிடைத்த இரும்புதான் இன்று தமிழ்நாட்டு இரும்பின் வயதைப் பற்றிய பேச்சில் அடிபடுகிறது. மாங்காட்டு இரும்பின் காலம் கி.மு. 1500ஐ ஒட்டியது. தெலுங்கனூர் வாள் கார்பன் மிகுந்த எஃகு. அணை கட்டும்போது அந்தக் கரையை யாராவது நடந்து பார்த்துக் குறித்திருந்தால் எத்தனை கல்லறைகள் இருந்தன, எந்த வரிசையில் இருந்தன என்பதாவது தெரிந்திருக்கும். பண்ணவாடியில் நீர் இறங்கும்போது தெரியும் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியையும் தேவாலயக் கோபுரத்தையும் படம் எடுத்துப் போடுகிறோம். கல்லறைகளை யாரும் படம் எடுப்பதில்லை, அவை கரைந்துகொண்டே போகின்றன.

இப்போது உங்கள் நிலத்துக்கு வருகிறேன். பிளான் போடுவதற்கு முன்னால் இதைச் செய்ய வேண்டும். அனுமதி வாங்கி, அட்வான்ஸ் கொடுத்து, கம்பி இறக்கிய பிறகு கல்லறை தெரிந்தால் யாருக்கும் நிறுத்த மனம் வராது. காகிதத்தில் ஒரு காட்டேஜை இருபது மீட்டர் தள்ளி வரையச் செலவே இல்லை.

காகித வேலையில் தொடங்குங்கள். புல வரைபடம், ஏ பதிவேடு (சர்வே எண் வாரியாக நில விவரம் உள்ள கிராமப் பதிவேடு), கிராம வரைபடம் மூன்றையும் எடுங்கள். இவற்றை வில்லங்கம் பார்க்கத்தான் வழக்கமாக எடுப்பார்கள். நீங்கள் வேறு கண்ணோடு பாருங்கள். நத்தம், நத்தமேடு, கோட்டைமேடு, பாண்டவர் குழி, வாலியர் வீடு, குள்ளர் வீடு என்ற மாதிரிக் காட்டுப் பெயர்கள் சுற்றுவட்டத்தில் இருந்தால் அடியில் ஏதோ இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. புறம்போக்கு என்று போட்டிருக்கும் சின்னத் துண்டுகள் பழைய வழி, ஓடை, இடுகாடு, கோயில் இடமாக இருக்கும். அப்புறம், 1918ல் வந்த சேலம் மாவட்ட கெசட்டியரில் (மாவட்டத்தைப் பற்றிய அரசு விவரநூல்) உங்கள் ஊர்ப் பக்கம் என்ன சொல்லியிருக்கிறது என்று பாருங்கள். அன்றைய சேலம் மாவட்டத்தில் தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அடக்கம் என்பதை மறந்துவிடாதீர்கள். பதிப்பிக்கப்பட்ட கல்வெட்டுப் பட்டியல்களையும் ஊர்ப் பெயரை வைத்துத் தேடுங்கள். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுப் படங்களுக்குப் போய், கோடைக்காலப் படத்தைத் தேர்ந்தெடுங்கள். புல் காய்ந்த காலத்தில் கல்வட்டமும் பழைய சுவர்த் தடமும் மேலிருந்து தெரியும். மழைக்காலப் படம் எதற்கும் உதவாது.

அடுத்தது மனிதர்கள். இதைத்தான் பெரும்பாலான ஆலோசகர்கள் விட்டுவிடுகிறார்கள். அந்த நிலத்தை உங்களுக்கு முன்னால் உழுதவர், அங்கே ஆடு மேய்ப்பவர், பொங்கல் வைக்கும் கல்லுக்குப் பூசாரியாக இருப்பவர், மலை மேலிருந்து அந்த வழியாக இறங்கி வரும் மலையாளிப் பழங்குடிப் பெரியவர்கள், இவர்களிடம் பேசுங்கள். "இங்கே புதையல் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். புதையல் என்ற சொல் ஒருமுறை ஊரில் பரவினால் இரவோடு இரவாகக் கல்லறைகளைக் கிளறிப் போட்டுவிடுவார்கள். இந்த மாவட்டத்தில் பல கல்வட்டங்களின் நடுவில் குழி இருப்பதற்குக் காரணம் ஆராய்ச்சி அல்ல. "ஏர் ஓட்டும்போது எங்கே கல் தட்டும்? எங்கே பானை ஓடு வரும்? எந்த இடத்தில் செருப்புப் போட்டுக்கொண்டு போக மாட்டீர்கள்?" என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதில்தான் எனக்கு எப்போதும் அதிகம் பயன்பட்டிருக்கிறது.

பிறகு நடை. நாலரை ஏக்கர் என்பது சுமார் 18,200 சதுர மீட்டர், ஏறக்குறைய 135 மீட்டர் சதுரம் என்று வையுங்கள். மூன்று மீட்டர் இடைவெளியில் வரிசை வரிசையாக நடந்தால் மொத்தம் 6 கிலோமீட்டர். இரண்டு பேர் ஒரே நாளில் நிதானமாக முடித்துவிடலாம். உழுத காட்டில் ஒரு மழை பெய்து, மண் காய்ந்த பிறகு நடப்பது நல்லது. மழை மண்ணைக் கழுவி ஓடுகளை மேலே விட்டிருக்கும். காலை ஒன்பது மணிக்குள், அல்லது மாலை நாலுக்கு மேல். சாய்ந்த வெயிலில்தான் மேடு பள்ளம் நிழல் விடும். கிடைப்பதை எடுத்துப் பையில் போட வேண்டாம். கிடந்த இடத்திலேயே அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, செல்போன் ஜிபிஎஸ்ஸில் குறித்துவிட்டு நகருங்கள். ஓடு எங்கே எவ்வளவு அடர்த்தியாகக் கிடக்கிறது என்பதுதான் செய்தி. அள்ளிக் குவித்துவிட்டால் அந்தச் செய்தி போய்விடும்.

அடிவார நிலத்தில் மேற்பரப்பை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள். மலையிலிருந்து மழை அடித்துக்கொண்டு வந்த செம்மண் பல இடங்களில் ஆள் உயரத்துக்குப் படிந்திருக்கும். மேலே ஒன்றும் இல்லை, அடியில் ஒரு ஊரே இருக்கலாம். அதற்காக நீங்களே குழி போட்டுப் பார்க்கக் கூடாது. தொல்லியல் நோக்கத்தில் தோண்ட உரிமம் வேண்டும். பாதுகாக்கப்படாத இடத்தில் மாநில அரசே அகழாய்வு செய்வதானாலும் மத்திய அரசின் முன் ஒப்புதல் வேண்டும். ஆனால் ஏற்கெனவே வெட்டிக் கிடப்பதைப் பார்க்க யார் அனுமதியும் வேண்டாம். பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றின் உட்சுவர், ஓடை அரித்த கரை, சாலைக்காக வெட்டிய மேடு, பழைய குப்பைக்குழி, இவற்றின் வெட்டுமுகத்தை உற்றுப் பாருங்கள். செம்மண்ணுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு படலம் ஓடி, அதில் கரித்துண்டும் எலும்பும் ஓடும் கலந்திருந்தால், மக்கள் வாழ்ந்த தரை அது. எத்தனை அடி ஆழத்தில் ஓடுகிறது என்று அளந்துகொண்டால் உங்கள் அஸ்திவாரம் அதைத் தொடுமா தொடாதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

என்னென்ன கிடைக்கும் என்று கேட்பீர்கள். கறுப்பு சிவப்புப் பானை ஓட்டை இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகளே அடையாளம் சொல்கிறார்கள். உள்பக்கமும் வாய் விளிம்பும் கறுப்பு, வெளிப்பக்கம் சிவப்பு. சேலத்துக்காரர்கள் தவறவிடுவது இரும்புக் கசடைத்தான். கஞ்சமலையில் இரும்புத் தாது இருப்பதால் இந்தச் சுற்றுவட்டத்தில் இரும்பு உருக்குவது நெடுங்காலத் தொழில். 19ஆம் நூற்றாண்டில் ஜோசையா மார்ஷல் ஹீத் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கியபோதும் சேலத்துத் தாதுவை நம்பித்தான் தொடங்கினார். கசடு பார்க்கக் கறுப்பாக, கையில் எடுத்தால் அளவுக்கு மீறிய கனமாக இருக்கும். ஒரு பக்கம் குழம்பு வழிந்து உறைந்த மடிப்புகள், உடைந்த பக்கம் குமிழிக் குழிகள், சில இடத்தில் கண்ணாடி மினுமினுப்பு. அதோடு சுட்ட களிமண் குழாயின் துண்டு, நடுவில் விரல் நுழையும் அளவு துளை, ஒரு முனை உருகிக் கறுத்தது கிடைத்தால் சந்தேகமே வேண்டாம். துருத்தியிலிருந்து உலைக்குள் காற்று போன குழாய் அது. உலை பக்கத்திலேயே இருந்திருக்கிறது. காந்தத்தை வைத்துப் பார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். கஞ்சமலைப் பக்கத்து மேக்னடைட் என்ற இரும்புத் தாதுக் கல்லும் மணலும் நன்றாகவே ஒட்டும். கசடு சில நேரம் ஒட்டும், சில நேரம் ஒட்டாது. ஆகவே காந்தத்தை விடக் கண்ணை நம்புங்கள். லாரி லாரியாகக் கசடை அள்ளி வண்டித்தடத்தில் கொட்டியிருப்பதும் உண்டு. அப்படியானால் அது உங்கள் நிலத்துச் சங்கதி அல்ல, எங்கிருந்து வந்தது என்று விசாரிக்க வேண்டும்.

கல்வட்டத்தைப் பற்றி. வட்டமாகக் கிடக்கும் கல்லெல்லாம் கல்லறை அல்ல. உழும்போது பொறுக்கிக் குவித்த கல், ஆட்டுப்பட்டியின் அடிக்கல், சரிவில் உருண்டு வந்து தங்கிய சார்னோகைட் பாறைகள் எல்லாமே முதல் பார்வையில் வட்டமாகத் தெரியும். கல்லறையானால் பெரிய கற்கள் மண்ணுக்குள் பாதி புதைந்து, உள்முகம் ஓரளவு ஒரே வளைவில் நிற்கும். உள்ளே சின்னக் கற்கள் நிரப்பி லேசாக மேடு தட்டியிருக்கும். நடுவில் பலகைக் கல்லின் விளிம்பு தலை காட்டலாம். நீங்கள் அனுப்பிய படத்தில் கற்களின் அடி மண்ணுக்குள் இருப்பது தெரிகிறது, ஆகவே கல்லறையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இவை தனியாக இருப்பது அபூர்வம். ஒன்று கண்ணில் பட்டால் மற்றவை உடைந்தோ புதைந்தோ பக்கத்தில் இருக்கும். அதனால் தெரியும் வட்டத்தைச் சுற்றி மட்டும் கயிறு கட்டினால் போதாது. மேட்டுப் பகுதி முழுவதையும் கட்டடத்திலிருந்து விலக்கிவிடுங்கள் என்பதே என் யோசனை. நடைபாதைகூட அந்தப் பக்கம் வேண்டாம். ஆழமாக வேர் விடும் மரமும் நடாதீர்கள், புல் போதும். ரிசார்ட்டுக்கு வருகிறவர்கள் காலையில் போய்ப் பார்க்க அதைவிட நல்ல இடம் உங்களிடம் இருக்கப் போவதில்லை.

வேப்பமரத்தடிக் கல்லுக்கு வருவோம். அதைப் பார்க்கப் போகும்போது பூசாரியோடு போங்கள். மஞ்சள் குங்குமத்துக்கு அடியில் அது சாதாரணக் கருங்கல்லாகவும் இருக்கலாம், இறந்த வீரனுக்காக நட்ட நடுகல்லாகவும் இருக்கலாம். நடுகல் என்றால் பலகைக் கல்லில் வில்லோ வாளோ பிடித்த ஆள், சில நேரம் மேலே எழுத்து. பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கும் சின்னக் கற்களையும் விட்டுவிடாதீர்கள். சேர்வராயன் மலையிலும் ஜவ்வாது மலையிலும் புதிய கற்காலக் கோடரிகளைச் சாமியாக வைத்துக் கும்பிடுவது வழக்கம். உள்ளங்கை அளவு, முக்கோண வடிவு, ஒரு முனை அகன்று கூர் தீட்டியது, மறுமுனை குறுகியது, எண்ணெய் பட்டுப் பட்டு வழவழவென்று கறுத்தது. விரலால் தடவினாலே தேய்த்துத் தீட்டிய முகம் தெரியும். உலோகம் வருமுன் மரம் வெட்டியவர்களின் கருவி அது. பல்லாவரத்தில் 1863ல் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் பின்னாளில் ஏற்காட்டில்தான் குடியிருந்தார். இந்த மலைக் கோயில்களில் கிடந்த கோடரிகளை அந்தக் காலத்தில் சேகரித்து அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோன பதிவுகள் உண்டு. இன்று அப்படிச் செய்ய வேண்டாம். படம் எடுங்கள், அளவு எடுங்கள், இருந்த இடத்திலேயே விடுங்கள்.

அந்தக் கல் எவ்வளவு பழையது என்பதும், ஊருக்கு அது என்ன என்பதும் இரண்டு தனிக் கணக்கு. நேற்று நட்ட கல்லாக இருந்தாலும் நாற்பது குடும்பம் பொங்கல் வைத்தால் அது நிலத்தைப் பற்றிய மதிப்பீட்டு அறிக்கையில் வந்தே ஆக வேண்டும். சேலம் பெரியேரி தலைவெட்டி முனியப்பன் வழக்கு நினைவிருக்கும். அந்தச் சிலை புத்தர் என்று தொல்லியல் துறை அறிக்கை கொடுத்து, 2022ல் சென்னை உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. சிலை புத்தர்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் முனியப்பனாகக் கும்பிட்டவர்களின் காலமும் அந்த இடத்தின் வரலாற்றில் ஒரு பகுதிதான். ஒரு மதிப்பீட்டு அறிக்கை இரண்டையும் எழுதியிருக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் நடைமுறை எளிது. கல்லுக்கும் மரத்துக்கும் சுற்றி இடம் விட்டு, ஊர்க்காரர்கள் வெளியிலிருந்து வர ஒரு வழியும் விட்டு, அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுங்கள். வேலியை ஆறடி உள்ளே இழுத்தால் முடிகிற விஷயம். இதைச் செய்யாமல் கேட் போட்டுப் பூட்டிவிட்டு, பிறகு ஆண்டுக்கணக்கில் பஞ்சாயத்தும் போலீசுமாக அலைபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் நண்பர் ஒருவர் மலை மேலேயும் எஸ்டேட் பார்ப்பதாகச் சொன்னீர்கள். அங்கே கணக்கு வேறு. ஏற்காடு வட்டம் மலையிடப் பாதுகாப்புக்கான ஹாகா விதிகளுக்குள் வருவதால் அனுமதி வழியே நீளம். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் காப்பியைக் கொண்டுவந்த பிறகு சரிவெல்லாம் எஸ்டேட் ஆனது. காப்பித் தோட்டத்தில் தரை முழுக்க இலைச்சருகு, வரிசையாக நடந்தால் சருகுதான் தெரியும். புதிதாக நாற்றுக்கு எடுத்த குழி, வடிகால் வாய்க்கால், புயலில் சாய்ந்த மரத்தின் வேர் பிடித்து வந்த மண், இவற்றைப் பார்க்க வேண்டும். பழைய பங்களாக்களும் எஸ்டேட் தொழிலாளர்களின் லயன் வீடுகளும் மண் சுவரும் ஓட்டுக் கூரையுமாக இடிய இருக்கும். அவற்றை இடிக்குமுன் அளந்து வரைந்து வைப்பது குறைந்தபட்ச மரியாதை. மலையாளி ஊர்களின் கோயில் காடும், மே மாதம் சேர்வராயன் திருவிழாவுக்குப் போகும் நடைவழியும் எந்த எஸ்டேட் வரைபடத்திலும் இருக்காது. ஊர்க் கவுண்டரைக் கேட்டால்தான் வழி தெரியும்.

சேலம் நகருக்குள் கட்டுகிறவர்கள் தங்களுக்கு இதெல்லாம் இல்லை என்று நினைக்கிறார்கள். கோட்டைப் பகுதியில் அஸ்திவாரம் தோண்டினால் பழைய தரை வரலாம். அம்மாப்பேட்டை, பொன்னம்மாப்பேட்டைத் தெருக்களில் தறிக்காரர்கள் காலையில் தெரு நீளத்துக்குப் பாவு இழுக்கிறார்கள். அங்கே ஒரு அபார்ட்மெண்ட் வந்து, கார்கள் தெருவில் நின்றுவிட்டால் அந்த வேலை நின்றுபோகும். குகை என்ற பகுதியில் ஆடியில் வண்டி வேடிக்கை (அலங்கரித்த வண்டிகளின் ஊர்வலம்) போகிற வழியில் பால்கனியை நீட்டினால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இதெல்லாம் பண்பாட்டு வளம்தான். கல்லும் ஓடும் மட்டும் என்று யாராவது அறிக்கை எழுதிக் கொடுத்தால் பாதி வேலைதான் செய்திருக்கிறார்.

யாரை வைத்துச் செய்வது? தொல்லியல் முதுகலை முடித்தவர்கள், தொல்லியல் துறையின் கல்வெட்டியல், தொல்லியல் பட்டயம் படித்தவர்கள் தமிழ்நாட்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களில் பலருக்கு வேலைதான் இல்லை. ஒருவரை நியமித்து, முறையாகச் சம்பளம் கொடுத்து, எழுத்து அறிக்கை வாங்குங்கள். சர்வேயரையே "அப்படியே இதையும் பார்த்துவிடுங்கள்" என்று சொல்லாதீர்கள். அறிக்கை தடிமனாக இருக்க வேண்டியதில்லை. நிலத்தின் வரைபடத்தில் எந்த இடத்தைத் தொடவே கூடாது, எங்கே ஆள் நின்று பார்த்தபடி தோண்டலாம், எங்கே தடையில்லை என்று மூன்று நிறத்தில் காட்டியிருக்க வேண்டும். அதற்கான படங்களும் காரணமும் பின்னால் இருக்க வேண்டும். ஒரு பிரதியை மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கும், ஒன்றைச் சேலம் அரசு அருங்காட்சியகத்துக்கும் கொடுத்துவிடுங்கள். கல்வெட்டு ஏதாவது கிடைத்தால் சுண்ணாம்போ மைதா மாவோ தடவி எழுத்தைத் தெளிவாக்கிப் படம் எடுக்காதீர்கள். துறைக்காரர்கள் வந்து காகிதத்தில் மைப்படி எடுப்பார்கள்.

வேலை தொடங்கும் நாளில் இன்னொரு ஏற்பாடு வேண்டும். கான்ட்ராக்டரின் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்: பானை, எலும்பு, சிலை, காசு, எழுத்துக்கல் எது தெரிந்தாலும் அந்த இடத்தில் வேலை நிற்கும், தார்ப்பாய் போட்டு மூடப்படும், அப்படி நின்ற நேரத்துக்கு வாடகையும் கூலியும் உண்டு. கடைசிச் சொற்றொடர்தான் முக்கியம். கூலி போகும் என்றால் யாரும் சொல்ல மாட்டார்கள், மண்ணோடு மண்ணாகத் தள்ளிவிடுவார்கள். ஆள் நின்று பார்க்க வேண்டிய பகுதியில் ஜேசிபியின் பக்கெட் பல்லுக்கு மேல் இரும்புத் தகடு பற்றவைத்து, அரை அடி அரை அடியாகச் சீவச் சொல்லுங்கள். பல் வைத்து வாரினால் இறந்தவரைப் புதைத்த தாழி இருந்த இடம்கூடத் தெரியாது. மனித எலும்பாகத் தெரிந்தால் முதலில் கிராம நிர்வாக அலுவலருக்கும் காவல் நிலையத்துக்கும் சொல்லுங்கள், பழையதா புதியதா என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டாம்.

காசோ நகையோ சிலையோ கிடைத்தால் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவானாலும் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 1878ல் பத்து ரூபாய் பெரிய தொகை, இன்று ஒரு டீக்குக்கூடப் போதாது. சட்டத்தில் எண் மாறவே இல்லை. மறைத்தால் ஓராண்டு வரை சிறை உண்டு. தெரிவித்தால் நஷ்டம் என்றும் சொல்ல முடியாது. உரிமை கோர யாரும் இல்லாத புதையலில், வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், கண்டெடுத்தவருக்கு நாலில் மூன்று பங்கு, நிலத்துக்காரருக்கு மீதி. அரசு எடுத்துக்கொண்டால் பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தர வேண்டும். கண்டெடுப்பவர் பெரும்பாலும் கூலி வேலைக்கு வந்தவராக இருப்பார் என்பதையும் நினைவில் வையுங்கள். இதை வேலைக்காரர்களுக்கு முதல் நாளே வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் மறைக்கும் எண்ணம் பாதி குறையும்.

உங்கள் பொறியாளர் அனுப்பிய வரைவுப் பிளானையும் பார்த்தேன். காட்டேஜ்கள் எல்லாம் கல்வட்டத்துக்குத் தள்ளித்தான் இருக்கின்றன, நல்லது. ஆனால் செப்டிக் டேங்கை மேட்டுச் சரிவில், கல்வட்டத்துக்கு நேர் கீழ்ப்பக்கம் போட்டிருக்கிறார். மொத்தத் திட்டத்திலும் ஆழமாகத் தோண்டும் இடம் அதுதான். அதையும், மின்கேபிளுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் வெட்டும் வாய்க்கால் எந்தப் பக்கமாகப் போகிறது என்பதையும் முதலில் மாற்றச் சொல்லுங்கள். நடந்து பார்த்து முடிக்கும் வரை சமன் செய்ய ஜேசிபிக்கு நாள் குறிக்க வேண்டாம்.